மடங்காத காலும் மெத்தை இருக்கையும்

கோச்சியில் இரண்டாம் வகுப்புக்குக் கூடுதல் காசு கொடுப்பது தகுமா என்று எங்கள் தோட்டத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம்தான் அனுப்புவார்கள். ரயிலை எங்கள் பக்கத்தில் கோச்சி என்றுதான் சொல்லுவோம். என் வலது கால் முழங்காலில் மடங்காது. அதனால் இந்த விசயத்தில் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள். கொஞ்சம் தெரியும்தான்.

மூன்றாம் வகுப்பில் பலகை பெஞ்சுகள் எதிரும் புதிருமாக இருக்கும். நடுவில் இரண்டு சாண் இடம். மடங்கும் கால் உள்ளவர்களே ஒருவர் முழங்கால் இடுக்கில் மற்றவர் முழங்காலைக் கோத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். என்னுடையதோ உலக்கை மாதிரி நேராக நீட்டிக்கொண்டிருக்கும். நடைபாதைப் பக்கம் நீட்டினால் கூடை தூக்கி வருகிறவர்கள் இடறுவார்கள். எதிர் பெஞ்சுக்கு அடியில் நுழைக்கலாம் என்றால் அங்கே மூட்டையோ கோழிக் கூடையோ இருக்கும். மிச்சம் இருக்கும் வழி ஒன்றுதான். எதிரே உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரைக் கொஞ்சம் விலகச் சொல்லி, அவர்களுக்கு நடுவில் பெஞ்சின் மேலேயே காலைத் தூக்கி வைப்பது. வலி குறைவாக இருப்பதும் அப்படித்தான்.

அதற்கு வாயைத் திறந்து கேட்க வேண்டும். எனக்கு அதுதான் பெரிய பாடு. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அந்த ஐந்து வருசத்தில் ஒரு தடவைகூட எழுந்து நின்று எதையும் கேட்டதில்லை. "கொஞ்சம் காலை வச்சுக்கிடவாங்க" என்ற ஒரு வார்த்தையைப் பண்டாரவளை ஸ்டேசனில் நின்று மனதுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கோச்சியில் ஏறுவேன். பல நாள் ஏறிய பிறகும் கேட்க மாட்டேன். பதுளைக்கு முந்தின ஸ்டேசன் ஹாலி எல, அது வரை நின்றுகொண்டே போயிருக்கிறேன்.

கால் போனது முப்பத்திரண்டாவது வயதில். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மாடிக்குச் சாக்கைச் சுமந்துகொண்டு ஏறும்போது படியில் வழுக்கி விழுந்தேன். முழங்கால் சில்லு உடைந்தது. கட்டுப் பிரித்தபோது கால் நேராக நின்றுவிட்டது. உள்ளே எலும்பில் சீழும் இருந்தது. தோட்டத்தில் என்னை அந்த வேலையில் இருந்து எடுத்து, தேயிலைப் பெட்டிகளுக்கு அச்சு வைக்கிற வேலையில் போட்டார்கள். நின்றுகொண்டே செய்கிற வேலை, பேச்சுக்கு ஆள் தேவையில்லாத வேலை. எனக்கு ஒத்துப்போயிற்று. மாதத்தில் ஒரு நாள் மட்டும் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புண்ணைக் காட்டி மருந்து வாங்க வேண்டும். பஸ்ஸில் இந்தக் கால் நுழையாது. அதனால் கோச்சி.

அந்த அம்மாவை முதலில் பார்த்தது அப்படி ஒரு ஆஸ்பத்திரி நாளில்தான். கொழும்பில் இருந்து இரவெல்லாம் வந்த கோச்சி, காலையில் பண்டாரவளையில் நின்றது. ஏறிப் பார்த்தால் நிற்க மட்டும்தான் இடம். ஜன்னல் ஓரத்தில் இருந்த ஒரு பெண் என் காலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். எதிர் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவரைத் தட்டி, "அண்ணே, கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, காலுக்கு முடியாதவரு வந்திருக்காரு" என்றார். நான் உட்கார்ந்ததும் தன் பையை மடிக்கு எடுத்துக்கொண்டு, பக்கத்தில் பெஞ்சைத் தட்டிக் காட்டினார். "காலை இங்கிட்டு வைங்கண்ணே."

வைத்தேன். கோச்சி கிளம்பிய குலுக்கலில் என் பாதம் அவர் சேலையில் பட்டுவிட்டது. கால் பட்டால் பட்டவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் வழக்கம். அறிமுகமில்லாத பெண்ணை எப்படித் தொடுவது? தொடாமல் விட்டாலும் பாவம். கையை நீட்டினேன், பாதியில் பயந்து, பெஞ்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "பெஞ்சுக்குப் போயி கும்புடு போடுறீங்களே! அது என்னா சாமியா?"

அவர் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம். அப்புத்தளையில் ஏறுவார். புருசன் மண் சரிந்து செத்துப் பல வருசம். பிள்ளை இல்லை. அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு கொழுந்து எடுத்தார். அவருக்கு மூச்சு இழுக்கிற நோய். அவர் ஆஸ்பத்திரியில் வேறு பக்கம், நான் வேறு பக்கம். ஆனால் இருவருக்கும் மாதத்தில் அதே நாள், மருந்து கொடுக்கிற ஜன்னலும் ஒன்று. அவர் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேரும் கூட வருவார்கள். திரும்பும்போது மூன்று பேரும் பஸ்ஸில் போய்விடுவார்கள். நான் பின்னேரக் கோச்சிக்குக் காத்திருப்பேன். ஆக, நாங்கள் பேசக் கிடைப்பது பண்டாரவளையில் இருந்து பதுளை வரை போகிற அந்த நேரம்தான்.

அடுத்த மாதம் அவர் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். எதிர் பெஞ்சில் எனக்கு, தன் பக்கத்தில் காலுக்கு. காலுக்கு உரிய இடத்தில் ஒரு சாக்குத் துண்டை மடித்துப் போட்டிருந்தார். "பலகை உறுத்தும்" என்றார். அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். மூன்றாவது மாதத்திலோ நான்காவது மாதத்திலோ அவர் பேச்சில் இருந்து 'அண்ணே' காணாமல் போயிற்று. "வாங்க", "வைங்க", "வலிக்குதுங்களா" என்று மட்டும் வந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்தேன் என்பதை அவருக்குக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரி நாளில் பாதத்தை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவுவேன். நான் தோட்டத்து வரிசை வீட்டில், தம்பி குடும்பத்தோடு ஒரே லயத்துக் காம்பராவில் இருந்தேன். தம்பி பெண்சாதி தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் நின்று பார்த்துவிட்டு, "மச்சான் மூஞ்சியைக் கழுவுறாரோ இல்லியோ, காலை மட்டும் பித்தளைச் செம்பு மாதிரி வெளக்குறாரு. டாக்டரு பாதத்தையா பாக்குறாரு?" என்பாள். தம்பி சிரிப்பான். நான் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். மற்ற இருபத்தொன்பது நாளும் அந்த வீட்டில் எனக்கு வேண்டாதவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் நான் பேசுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பேன், படுப்பேன்.

கோச்சியில் நான் பேசினேன். எப்படி என்று இப்போதும் தெரியவில்லை. அவர் கேட்பார், நான் சொல்லுவேன். பெட்டியில் அச்சு வைக்கும்போது மை ஓடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நாள் எல்லவில் இருந்து தெமோதர வரை சொல்லியிருக்கிறேன். அவர் கொட்டாவி விடாமல் கேட்டார். எல்லவைத் தாண்டினால் கோச்சி புகுந்து போகிற குகைகள் வரும். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் விளக்கு எரியாது. ஒரு குகையில் கோச்சி ஆட்டம் போட்டபோது, என் கால் பெஞ்சில் இருந்து நழுவப் போயிற்று. ஒரு கை வந்து பாதத்தின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டது. வெளிச்சம் வருவதற்கு முன்னே அந்தக் கை போய்விட்டது. வெளிச்சத்தில் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த மாதம் வெலிமடை உருளைக்கிழங்கு வியாபாரி ஒருவர் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மூட்டையை நடுவில் வைத்து, அதன் மேல் தன் காலையும் வைத்துக்கொண்டார். என் காலையும் அந்த அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னா மாப்புள, பலகையில எதுக்கு வச்சிருக்கீங்க? பொண்ணு மடி சும்மாதானே இருக்கு?" என்றார். அந்தப் பெட்டியே சிரித்தது. கூட வந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்த அம்மா சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "மொதல்ல ஒங்க மூட்டையை எறக்குங்கய்யா. மனுசன் காலு வைக்க எடம் இல்ல, கெழங்குக்கு டிக்கட் எடுத்திருக்கீகளா?" என்றார். சிரிப்பு வியாபாரி பக்கம் திரும்பிவிட்டது. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. புருசன் இல்லாதவரை என் காலால் ஊர் வாயில் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். பதுளை வரை நிமிரவே இல்லை.

அன்றைக்கு மருந்து ஜன்னலில் நிற்கும்போதுதான் அவர் ஒரு விசயத்தைச் சொன்னார். எழுபதுகளின் தொடக்கம் அது. இந்தியாவுக்குப் போகிறவர்கள், இங்கேயே இருக்கிறவர்கள் என்று எங்கள் சனங்களைப் பிரித்து எழுதிக்கொண்டிருந்த காலம். தோட்டத்துக்குத் தோட்டம் லயங்கள் காலியாகிக்கொண்டிருந்தன.

"எங்க அண்ணன் குடும்பத்துக்குப் பாஸ்போட்டு வந்திருச்சுங்க. என் பேரும் அதுலதான் இருக்கு. வரலைன்னா இப்பவே சொல்லு, பேரை எடுக்க எழுதிப் போடுறேங்கிறாரு. நீங்க எந்தப் பக்கம் எழுதினீங்க?"

"நான் இங்கதாங்க."

"அடுத்த தடவ ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போயி சொல்றேன்னு சொல்லி வச்சிருக்கேன்." மருந்துப் போத்தலை ஆட்டிப் பார்த்தார். "எனக்கு அங்க யாரையும் தெரியாது. இங்க இருக்கணும்னா, இங்க யாராச்சும் இருன்னு சொல்லணும்ல?"

கூட வந்த பெண்கள் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

அவ்வளவு தெளிவாக ஒரு பெண் சொன்ன பிறகும் ஒரு மாதம் எனக்கு யோசிக்கத் தேவைப்பட்டது. இரு என்று சொல்ல வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. எங்கே வைத்துச் சொல்வது என்பதுதான் பிரச்சினை. மூன்றாம் வகுப்புப் பெஞ்சில், இரண்டு பெண்களும் வியாபாரியும் காதைத் தீட்டிக்கொண்டிருக்க எப்படிச் சொல்வது? பெட்டிகளுக்கு அச்சு வைத்துக்கொண்டே யோசித்தேன். கடைசியில் ஒரு வழி தோன்றியது. இரண்டாம் வகுப்பில் மெத்தை இருக்கை, இரண்டிரண்டாகப் போட்டிருப்பார்கள். முன்னால் காலை நீட்ட இடம் உண்டு. என் பாதத்துக்குப் பக்கத்தில் அவர் ஒதுங்கி உட்கார வேண்டியதில்லை. யாரும் கேலி பேச முடியாது. கூட்டம் இருக்காது, சொல்ல வேண்டியதை மெதுவாகச் சொல்லிவிடலாம். எனக்கே என் புத்தியை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அந்த நாள் பண்டாரவளையில் இரண்டு டிக்கெட் கேட்டேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் என் சாரத்தையும் கைத்தடியையும் பார்த்து, "செகண்ட் கிளாஸ்? ரெண்டா?" என்று மறுபடி கேட்டார். ஆமாம் என்றேன்.

கோச்சி வந்தது. அவர் வழக்கமான பெட்டியில் ஜன்னல் ஓரத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார். எதிர் பெஞ்சில் எனக்கு இடம் இருந்தது. அவர் பக்கத்தில் சாக்குத் துண்டு விரித்திருந்தது. நான் ஏறாமல், வெளியே நின்று ஜன்னல் வழியாக டிக்கெட்டை நீட்டினேன்.

"என்னாங்க இது?"

"செகண்ட் கிளாஸ் டிக்கட்டுங்க. ஒங்களுக்கும் எடுத்திருக்கேன். அங்க கால் நீட்ட எடம் இருக்கு. வாங்க."

கூட இருந்த பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "அடி ஆத்தே! போ அக்கா, போயி மெத்தையில ஒக்காந்து வா. எங்களுக்குத்தான் பலகைன்னு எழுதியிருக்கு" என்றாள். பின்னால் யாரோ, "எங்க? யாரு? எந்தப் பொம்பளைக்கு?" என்று எழுந்து பார்த்தார்கள்.

அவர் முகம் சிவந்ததா கறுத்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டிக்கெட்டை வாங்கவில்லை. "எனக்கு ரெண்டு காலும் மடங்குதுங்க" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஒங்க காலுக்கு இங்கயே எடம் இருக்கே. ஏறுங்க" என்றார்.

நான் சொன்ன பதில் இதுதான்: "எனக்கு டிக்கட் அங்கதாங்க இருக்கு."

விசில் ஊதினார்கள். நான் விந்தி விந்தி இரண்டாம் வகுப்புப் பெட்டிக்குப் போய் ஏறினேன்.

கூடக் காசு கொடுத்தவன் குறைந்த வகுப்பில் உட்காரலாம், அதை யாரும் தடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எந்த மலையில் பெயர் பதிந்திருக்கிறதோ அந்த மலையில் நிற்க வேண்டும், எந்த வரிசையில் விடுகிறார்களோ அந்த வரிசையில் போக வேண்டும். டிக்கெட்டில் இரண்டு என்று போட்டிருந்தால் இரண்டில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நாலைந்து வருசம் கழித்து கோச்சியின் கார்ட் ஒருவர் சொல்லித்தான் எனக்கு அது தெரிய வந்தது. ஒரு புருசன் இல்லாத பெண்ணை, அவர் ஊர்ப் பெண்கள் முன்னால் எழுந்து ஒரு ஆணோடு வேறு பெட்டிக்கு வரச் சொன்னது என்ன காரியம் என்பதும் பிறகுதான் உறைத்தது.

இருக்கை நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. காலை முழுதாக நீட்டினேன், எங்கும் இடிக்கவில்லை. மெத்தை தொடையின் கீழ் அமுங்கியது. எதிர்ப்பக்கம் ஒரு துரைமார் மாதிரி மனிதர் இங்கிலிஷ் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். காலுக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. என் பக்கத்து இருக்கை பதுளை வரை காலியாகவே வந்தது. டிக்கெட் பார்க்க வந்தவர் இரண்டையும் வாங்கி, "மற்ற ஆள் எங்கே?" என்றார்.

"வரலைங்க" என்றேன்.

குகைக்குள் போனபோது இங்கே விளக்கு எரிந்தது. பதுளையில் இறங்கும்போது வழக்கமாக இருக்கும் வலி அன்றைக்கு இல்லை.

மருந்து ஜன்னல் வரிசையில் அவர் எனக்கு முன்னால் நின்றார். திரும்பிப் பார்த்து, "சொகமா வந்தீங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"கால் வலிக்கலையே?"

"இல்லீங்க."

வரிசை இரண்டு அடி நகர்ந்தது. "எதுக்குக் கூப்பிட்டீங்க அங்க? ஏதாச்சும் சொல்ல வந்தீங்களா?"

அவருக்கு முன்னால் ஒரு கிழவர் இருமிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் ஒரு தாய், அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. சொல்லியிருக்கலாம்.

"கால் நீட்டிக்கிட்டு வரலாமேன்னுதாங்க" என்றேன்.

"சரிங்க" என்றார்.

அடுத்த மாதம் நான் மூன்றாம் வகுப்பு டிக்கெட்தான் எடுத்தேன். கூட வரும் பெண்கள் மட்டும் இருந்தார்கள். எனக்கு இடம் பிடித்து வைக்கவில்லை. ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். "அக்கா வரலைங்க. இனி வரவும் மாட்டாங்க. வர்ற வியாழக்கெழமை பயணம். கொழும்புப் பக்கம் போற பகல் கோச்சியில ஏறி, அங்கிட்டு மாறி தலைமன்னாருக்குப் போயி இந்தியாக் கப்பல் ஏறுறாங்க" என்றாள்.

வியாழக்கிழமை வேலைக்குப் போகவில்லை. பதுளையில் இருந்து வரும் அந்தப் பகல் கோச்சி, பண்டாரவளையைத் தாண்டித்தான் அப்புத்தளைக்குப் போகும். நான் பண்டாரவளையில் மூன்றாம் வகுப்பில் ஏறினேன். ஒரு குடும்பம் இறங்கிப்போனதில் இரண்டு பெஞ்சு எதிரும் புதிருமாகக் காலியாயிற்று. ஒன்றில் உட்கார்ந்து, குறுக்கே காலை நீட்டி மற்றதில் வைத்தேன். இந்தப் பக்கம் குடையை வைத்தேன், அந்தப் பக்கம் துண்டை விரித்தேன்.

ஏறியவர்கள் ஏசினார்கள். "ஏய்யா, ஒரு ஆளுக்கு ரெண்டு பெஞ்சா? ஒங்க பாட்டன் செஞ்சு வச்சதா?" என்றார் ஒருவர்.

"ஆள் வருதுங்க, அப்புத்தளையில" என்றேன்.

"எத்தன ஆளு?"

"ஆறு பேரு."

காலை எடுக்கச் சொல்லிக் கையை வைத்தவர், அது மடங்காது என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். தியத்தலாவையிலும் கூட்டம் ஏறியது. நான் விடவில்லை. யாரிடமும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவன், அந்த அரை மணி நேரத்தில் எத்தனை பேருக்கு இல்லை என்று சொன்னேன்!

அப்புத்தளை ஸ்டேசன் முழுக்க ஒரே அழுகை. போகிறவர்களைக் காட்டிலும் அனுப்ப வந்தவர்கள் அதிகம். பனி மூட்டத்தில் முகம் தெரியவில்லை. கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. துண்டை எடுத்து ஜன்னலுக்கு வெளியே வீசினேன். அவர்தான் முதலில் பார்த்தார். கிட்டத்தில் வந்து, "நீங்களா!" என்றார்.

"எடம் இருக்குங்க. ஏறுங்க."

அண்ணன், அண்ணி, மூன்று பிள்ளைகள், அவர், ஒரு தகரப் பெட்டி, பாய்ச் சுருள். அண்ணன் பெட்டியைத் தள்ளிக்கொண்டே, "யாரும்மா இவரு?" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றவரு" என்றார் அவர்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். "இருங்க, காலை எடுக்காதீங்க. கோச்சி நிக்கும், அவசரம் இல்ல" என்று சொல்லி, எனக்கு எதிரே, என் பாதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளைகள் என் காலை வேடிக்கை பார்த்தன. அண்ணி வெளியே யாரையோ கட்டிப் பிடித்து அழுதுகொண்டிருந்தார்.

"எது வரைக்கும் வர்றீங்க?" என்று கேட்டார்.

"அப்புத்தளை வரைக்கும்தாங்க டிக்கட் எடுத்தேன்."

கார்ட் விசில் ஊதினார். நான் இரண்டு கையாலும் காலைத் தூக்கி பெஞ்சில் இருந்து இறக்கினேன். அந்த இடத்தில் கடைசிப் பிள்ளையை உட்கார வைத்தார்கள். குடையை எடுத்து அவர்தான் என் கையில் கொடுத்தார்.

படியில் இருந்து முதலில் மடங்காத காலை இறக்கி வைத்து, பிறகு நல்ல காலை இறக்க வேண்டும். இறங்கிக் கைத்தடியை ஊன்றி, உடம்பைத் திருப்புவதற்கு எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். நான் திரும்பியபோது கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது.